‘பெயின்ட்பால் ஆடப் போறேம்மா!’

காட்டுக்குள்ளேயா... அரீனாவிலேயா? முதல்ல இதைக் கேளுங்க!

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போன் அடிக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன். “நாளைக்கு ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸோட பெயின்ட்பால் ஆடப் போறேம்மா. ஆளுக்கு ஒரு துப்பாக்கி குடுப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கணும். பயப்படாதே, வெறும் பெயின்ட்தான்!”

‘வெறும் பெயின்ட்தான்’ என்று அவன் சொன்னாலும் உங்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. “எதுக்குடா வம்பு? கோயிலுக்குப் போயிட்டு வீட்ல ரெஸ்ட் எடேன்” என்பீர்கள். அவன் சிரித்துவிட்டு போனை வைத்துவிடுவான்.

கொஞ்சம் பொறுங்க. ‘போகாதே’ என்பதற்குப் பதிலாக அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் உங்கள் கவலை பாதி குறைந்திருக்கும். அந்தக் கேள்வி இதுதான்: “காட்டுக்குள்ள ஆடப் போறியா, இல்லே அரீனாவிலயா?”

பெயர் ஒன்றுதான். ஆனால் பெயின்ட்பால் என்பது இன்றைக்கு ரெண்டு தனித்தனி விளையாட்டு. ஒன்று மரங்களுக்கு நடுவே, ஒரு கதையை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக ஆடுவது. மற்றொன்று வலை கட்டிய சின்ன மைதானத்தில் நிமிஷக் கணக்கில் முடிந்துவிடுவது. ரெண்டிலும் உடம்பு படும் பாடு வேறு. கண்ணுக்கு ஆபத்து வருகிற வழியும் வேறு. அதைப் புரிந்துகொண்டால், பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு என்று நீங்களே பிரித்துவிடலாம்.

பந்தயத்தில் பிறந்த விளையாட்டு

நியூயார்க்கில் பங்குச் சந்தையில் இருந்த ஹேய்ஸ் நோயல், எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸ் என்று ரெண்டு நண்பர்கள். இவர்களுக்குள் ஒரு வாக்குவாதம். பட்டணத்துக்காரனைக் காட்டில் விட்டால் பிழைப்பானா? அல்லது காடு மேடெல்லாம் சுற்றிப் பழகியவன்தான் ஜெயிப்பானா? வாயால் பேசித் தீரவில்லை. சரி, நடத்தியே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். பாப் கர்ன்ஸி என்ற மூன்றாவது நண்பரும் சேர்ந்துகொண்டு விதிமுறைகளை எழுதினார்.

அப்போது நெல்சன் என்ற பெயின்ட் கம்பெனி ஒரு கருவியை விற்றுக்கொண்டிருந்தது. வெட்ட வேண்டிய மரங்களுக்கு வனத்துறை ஆட்கள் தூரத்தில் இருந்தே அடையாளம் போடுவதற்காகச் செய்தது. பண்ணைக்காரர்கள் மாடுகளுக்கு அடையாளம் போடவும் இதை வைத்திருந்தார்கள். அந்தக் கருவிதான் ஆட்டத்துக்கு ஆயுதமாயிற்று. பெயின்ட்பால் ஆடுகிறவர்கள் துப்பாக்கி என்று சொல்லாமல் ‘மார்க்கர்’, அதாவது அடையாளம் போடுவது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

1981 ஜூன் 27-ம் தேதி, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் 12 பேர் இறங்கினார்கள். அணி கிடையாது, ஆளுக்கு ஆள் போட்டி. காட்டுக்குள் வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கும் கொடிகளை, யார் கையிலும் அடிபடாமல் சேகரித்துக்கொண்டு வெளியே வரவேண்டும்.

ஜெயித்தது யார் தெரியுமா? ரிச்சி ஒயிட் என்ற மரத்தொழில்காரர். காட்டிலேயே வேலை செய்பவர். சத்தமில்லாமல் நடந்து, எல்லாக் கொடியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆட்டம் முழுக்க அவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை!

பதுங்குவது, பொறுமையாகக் காத்திருப்பது, நிதானம் தவறாமல் இருப்பது... காட்டு ஆட்டத்தின் குணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அது மாறவில்லை.

அந்தப் பந்துக்குள்ளே என்ன?

பந்து என்றதும் டென்னிஸ் பந்து அளவுக்கு நினைத்துவிடாதீர்கள். வழக்கமான பெயின்ட் பந்தின் குறுக்களவு சுமார் 17 மில்லிமீட்டர், எடை சுமார் 3 கிராம். நம் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் மீன் எண்ணெய் மாத்திரையை எடுத்துப் பாருங்கள். மேலே வழவழவென்று ஜெலட்டின் உறை, உள்ளே திரவம். பெயின்ட் பந்தும் அதே மாதிரிதான் தயாராகிறது.

ஆரம்ப காலத்தில் உள்ளே நிஜமான எண்ணெய் பெயின்ட்டே இருந்தது. ஆட்டம் முடிந்து டர்பன்டைன் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. இப்போது பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொருளும் சாயமும் சேர்த்து அடைக்கிறார்கள். தண்ணீரில் கழுவினால் போய்விடும். மலச்சிக்கலுக்கு டாக்டர் எழுதித் தரும் சில மருந்துகளில் இருப்பதும் இதே வகைப் பொருள்தான். ஆகவே தோலில் பட்டால் விஷமில்லை. அதற்காகத் தின்னக்கூடாது. வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் மிச்சப் பந்துகளைக் கீழே போடவே கூடாது. நாய் நிறையத் தின்றுவிட்டால் அதன் உடம்பில் தண்ணீரும் உப்பும் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும்.

பெயின்ட்டால் பயமில்லை என்றால் எதற்குப் பயப்படுவது? வேகத்துக்கு! வெளி மைதானங்களில் பெரும்பாலும் வினாடிக்கு 300 அடிதான் உச்ச வரம்பு. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். நம்ம கிரிக்கெட்டில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் ‘எக்ஸ்பிரஸ்’ என்கிறோம். அதைப்போல் ரெண்டு மடங்குக்கும் மேல்! பந்து லேசானது, பட்டதும் உடைந்துவிடுகிறது என்பதால்தான் தோலில் ஒரு வட்டத் தழும்போடு தப்பிக்கிறோம்.

காட்டு ஆட்டம்: கதைக்குள்ளே நீங்களும் ஒரு ஆள்!

காட்டு ஆட்டத்தில் பெரியது ‘சினாரியோ’ வகை. ஒரு கதையை எடுத்துக்கொள்வார்கள். சரித்திரத்தில் நடந்த யுத்தமாக இருக்கலாம், சினிமாக் கதையாகவும் இருக்கலாம். பென்சில்வேனியா மாநிலத்தின் போக்கனோ மலைப்பகுதியில், 1944 ஜூன் 6-ம் தேதி நடந்த நார்மண்டி படையிறக்கத்தைக் கதையாக வைத்துப் பல வருடங்களாக ஆட்டம் நடந்திருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ரெண்டு பக்கமாகப் பிரிந்து ஆடுவார்கள். ப்ளைவுட்டில் செய்த டாங்கிகூட வரும்!

இதில் எல்லோரும் சுட்டுக்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தளபதி. ‘அந்தப் பாலத்தைப் பிடி’, ‘இந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அங்கே சேர்’ என்று வேலைகள் வரும். அடிபட்ட தன் அணிக்காரரைத் திரும்ப ஆட்டத்தில் சேர்க்கும் ‘டாக்டர்’ வேஷம், பாலத்தைத் ‘தகர்க்கும்’ இன்ஜினீயர் வேஷம், ஒற்றன் வேஷம் எல்லாம் உண்டு. அடிபட்டால் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. தங்கள் முகாமுக்குத் திரும்பிப் போய், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உள்ளே வரலாம். சில ஆட்டங்கள் காலையில் ஆரம்பித்து மாலை வரை போகும். 24 மணி நேரம் நடக்கிறவையும் உண்டு.

அதனால்தான் அப்பாவும் பிள்ளையும் ஒரே அணியில் ஆடுவதை இங்கே பார்க்கலாம். 50 வயதுக்காரருக்கு ஓட்டம் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு மரத்தடியில் அசையாமல் 20 நிமிஷம் உட்கார்ந்திருக்கும் பொறுமை, 18 வயதுப் பையனுக்கு வருமா?

அரீனா ஆட்டம்: கண் மூடித் திறப்பதற்குள்...

காட்டு ஆட்டத்தில் ஒரு குறை இருந்தது. ஆடுகிறவர்களுக்கு ஜாலி, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு மரம்தான் தெரியும்! மரங்களை விட்டு வெளியே வந்து, திறந்த வெளியில் சின்ன மைதானத்தில் ஆடும் ‘ஸ்பீட்பால்’ 1980-களின் பின்பாதியில் பிரபலமாக ஆரம்பித்தது. 1990-களின் நடுவில் காற்றடைத்த பெரிய பெரிய தலையணை மாதிரித் தடுப்புகள் வந்தன. அவற்றுக்கு ‘பங்கர்’ என்று பெயர்.

பெரிய போட்டிகளில் மைதானம் சுமார் 150 அடி நீளம், 120 அடி அகலம். சுற்றிலும் வலை. இந்தப் பாதியில் எங்கெங்கே பங்கர் இருக்கிறதோ, கண்ணாடியில் பார்த்த மாதிரி அந்தப் பாதியிலும் அப்படியே இருக்கும். யாருக்கும் இடத்தால் லாபம் இல்லை. ஒரு பக்கம் தரையோடு தரையாக நீளமாகக் கிடக்கும் பங்கருக்குப் ‘பாம்பு’ என்று பேர். அதன் பின்னால் தவழ்ந்துதான் போகமுடியும். முக்கோணமாக நிற்பதை அங்கே விற்கும் ஒரு நொறுக்குத் தீனியின் பெயரால் ‘டொரிட்டோ’ என்கிறார்கள்.

அணிக்கு 5 பேர் ஆடுவது இப்போது சகஜம். மணி அடித்ததும் பத்துப் பேரும் சுட்டுக்கொண்டே தங்கள் பங்கருக்குப் பாய்வார்கள். ‘இடது பக்கம் ரெண்டு!’, ‘ஒருத்தன் அவுட்!’ என்று காது கிழியக் கத்துவார்கள். காட்டில் சத்தம் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள், அரீனாவில் சத்தம் போடாவிட்டால் தோற்பீர்கள்! மின்சார மார்க்கர்கள் வினாடிக்குச் சுமார் 10 பந்துகள்கூட வீசும். சில நிமிஷத்தில் ஒரு பாயின்ட் முடிந்துவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பந்து நிரப்பிக்கொண்டு மறுபடி உள்ளே.

செலவும் இங்கே கூடுதல். காட்டில் ஒரு பந்தை வீணாக்கவும் யோசிப்பார்கள். அரீனாவிலோ எதிரி தலை தூக்காமல் இருப்பதற்காகவே பந்துகளை வாரி இறைப்பார்கள். 2,000 பந்துகள் உள்ள பெட்டி காலியாவது தெரியாது.

உடம்பு என்ன பாடுபடும்?

இங்கேதான் ரெண்டும் முழுசாகப் பிரிகின்றன.

காட்டு ஆட்டம் நீண்ட தூரம் நடக்கிற மாதிரி. முழுக்கைச் சட்டை, கனத்த பேன்ட், முகத்தில் மாஸ்க், முதுகில் சுமை. இத்தோடு மேடு பள்ளத்தில் பல மணி நேரம் ஏறி இறங்க வேண்டும். வெயில் காலத்தில் உடம்பில் நீர் வற்றிப்போவதுதான் முதல் எதிரி. ஆட்ட மும்முரத்தில் தாகமே தெரியாது. தலைவலி, வாந்தி வருகிற மாதிரி உணர்வு, தலைசுற்றல் வந்தால் ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்று இழுக்காமல் உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் நடந்துகொண்டாலோ அது வெப்பத்தாக்கு. உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே அவசர உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

அடுத்தது கணுக்கால். வேர் தடுக்கும், இலைக்குள் குழி இருக்கும். கணுக்கால் மூடுகிற ஷூ இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது.

மூன்றாவது, நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத விஷயம்: உண்ணி! அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும், வடக்கே விஸ்கான்சின், மின்னசோட்டா பக்கமும் சில உண்ணிகள் கடித்தால் ‘லைம்’ என்ற நோய் வரலாம். ஆட்டம் முடிந்து குளிக்கும்போது அக்குள், முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, காது மடலுக்குப் பின்னால் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். நெருப்பு வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் ஜுரமோ, நாளுக்கு நாள் பெரிதாகும் சிவந்த தடிப்போ தெரிந்தால் டாக்டரிடம் போய், ‘காட்டுக்குப் போனேன்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் ஆன்டிபயாட்டிக் மருந்தில் குணமாகிவிடும்.

அரீனா ஆட்டம் இதற்கு நேர் எதிர். திடீரென்று ஓடு, திடீரென்று நில், குத்துக்காலிட்டு உட்கார், பாய்ந்து சறுக்கு! வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தால் என்ன ஆகும்? தொடையின் பின்பக்கத் தசை சுளுக்கிக்கொள்ளும். முழங்கால் திருகிக்கொள்ளும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷம் மெதுவாக ஓடி, கை கால்களை வார்ம்-அப் செய்துகொண்டால் பாதித் தொல்லை வராது. முழங்காலுக்கும் முழங்கைக்கும் பட்டை கட்டாமல் சறுக்கவே கூடாது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இப்படி வெட்டி வெட்டி ஓடுவதில் இழுப்பு வரலாம். இன்ஹேலர் காரில் இருந்து பிரயோஜனமில்லை, வலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள், பிரஷர், சுகர், இதயத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் அரீனாவில் இறங்க வேண்டும்.

ரெண்டு ஆட்டத்துக்கும் பொதுவானது அந்த வட்டத் தழும்பு. கன்றிப்போய், ஒரு வாரம் பத்து நாளில் மறைந்துவிடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தால் போதும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் ரெண்டு ஆட்டத்தின் பக்கமும் போகக்கூடாது.

கண்... கண்... கண்!

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டால் பெரும்பாலும் புருவ எலும்பும் கன்ன எலும்பும் முதலில் அடியை வாங்கிக்கொள்கின்றன. கண் குழியைவிடப் பந்து பெரியது. பெயின்ட் பந்தோ 17 மில்லிமீட்டர்தான். கண் விழியின் குறுக்களவோ சுமார் 24 மில்லிமீட்டர். எலும்பில் படாமல் நேராகக் குழிக்குள்ளேயே நுழைந்து விழியைத் தாக்கும் அளவு அது! அந்த அடியில் கண்ணின் முன்பகுதியில் ரத்தம் கட்டலாம். லென்ஸ் கலங்கிச் சின்ன வயசிலேயே புரை வரலாம். விழித்திரை கிழியலாம், பிரிந்துவரலாம். அன்றைக்குத் தப்பித்தாலும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிச் சில வருஷம் கழித்துப் பார்வை குறையலாம்.

பயமுறுத்தவில்லை. தரமான மாஸ்க் முகத்தில் இருந்தால் இவை எல்லாமே தடுக்கக்கூடியவை. கண் போன கேஸ்களில் திரும்பத் திரும்ப வருவது ரெண்டு கதைதான். ஒன்று, மாஸ்க் போடவே இல்லை. ரெண்டு, போட்டிருந்தார், ‘ஒரு நிமிஷம்’ என்று கழற்றினார்.

அந்த ‘ஒரு நிமிஷம்’ எப்போது வருகிறது என்று பாருங்கள். இங்கேயும் ரெண்டு ஆட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு.

அரீனாவில் வலையைத் தாண்டி ஒரு அடி வெளியே வந்தால் பாதுகாப்பான இடம். பாயின்ட்டும் சில நிமிஷம்தான். மாஸ்க்கைக் கழற்ற வேண்டும் என்று தோன்றுவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். கண்காணிக்க நடுவர்களும் பக்கத்திலேயே நிற்பார்கள். அங்கே ஆபத்து வேறு மாதிரி: எதிரி பங்கரைச் சுற்றி வந்து ஏழெட்டு அடியில் நின்று மளமளவென்று சுடுவான். கழுத்து, காது, விரல் எல்லாம் அடி வாங்கும். அதனால் கழுத்துப் பட்டையும் கையுறையும் அவசியம். புதியவர்கள் ஆடும் பல இடங்களில், ரொம்பக் கிட்டத்தில் போனால் சுடாமல் ‘சரண்டர்’ என்று சொல்ல வேண்டும் என்று விதி உண்டு. அந்த விதி இருக்கிற இடமாகப் பார்த்துப் போவது நல்லது.

காட்டில் கதை வேறு. ரெண்டு மணி நேரம் நடந்தாயிற்று. வியர்வை கொட்டுகிறது. மூச்சுக்காற்றின் ஈரம் மாஸ்க் கண்ணாடியில் படிந்து பனி மூட்டமாகிவிட்டது. எதிரே எதுவும் தெரியவில்லை. சுற்றிலும் பார்க்கிறான், ஒருத்தரும் இல்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போக அரை கிலோமீட்டர் நடக்கணும். ‘யாருமே இல்லையே, சட்டுனு துடைச்சுக்கலாம்’ என்று கை தானாக மாஸ்க்குக்குப் போகும்...

காட்டில் ‘யாருமே இல்லை’ என்பதற்கு என்ன அர்த்தம்? யாரும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். ஒளிந்திருப்பதுதானே அந்த விளையாட்டே! முதல் ஆட்டத்தில் ஜெயித்த ரிச்சி ஒயிட்டை யாருமே பார்க்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதில் அங்கே மார்க்கரோடு ஒருத்தர் பதுங்கியிருந்தால்?

கண்ணாடி மூடிக்கொண்டால் செய்ய வேண்டியது: கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும். மாஸ்க் நழுவிவிட்டால் ரெண்டு கையாலும் முகத்தை மூடி, முகம் தரையைப் பார்க்கக் குனிந்து உட்கார்ந்து கத்த வேண்டும். நடுவர் வந்து கூட்டிக்கொண்டு போவார். ஆட்டத்தில் ‘அவுட்’ ஆனாலும் பரவாயில்லை, மாஸ்க்கை மட்டும் கழற்றக்கூடாது. மூட்டமே போடாமலிருக்க ரெண்டு அடுக்குக் கண்ணாடி வைத்த மாஸ்க் கிடைக்கிறது. ‘தெர்மல் லென்ஸ்’ என்பார்கள். காட்டு ஆட்டத்துக்குப் போகிறவர்கள் கூடுதல் வாடகை கேட்டாலும் அதைத்தான் வாங்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு உள்ளே பொருந்தும் மாஸ்க் கேட்டு வாங்கவேண்டும்.

கூலிங் கிளாஸ், நீச்சல் கண்ணாடி, ஸ்கூட்டர் ஹெல்மெட் கண்ணாடி எதுவும் இதற்கு ஆகாது. அமெரிக்காவில் பெயின்ட்பாலுக்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 என்ற தரம் இருக்கிறது. மாஸ்க்கில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கண்ணில் அடிபட்டுவிட்டால்...

கசக்கக்கூடாது, அழுத்தக்கூடாது. வீட்டிலிருக்கும் சொட்டு மருந்து எதுவும் விடக்கூடாது. ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பக்கத்தை வெட்டி, விழியில் படாதபடி எலும்பின் மேல் ஊன்றி, பிளாஸ்டர் போட்டு உடனே கண் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு கூடிவிடும். ‘இப்போ நல்லாத் தெரியுதே’ என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே ஏற்பட்ட கிழிசல் முதலில் வெளியே தெரியாமலேயே இருக்கலாம்.

உங்க வீட்டுப் பிள்ளைக்கு எது?

சுறுசுறுப்பு, நல்ல உடற்பயிற்சி, போட்டி வெறி எல்லாம் உள்ளவருக்கு அரீனா. நடக்கப் பிடிக்கும், கூட்டாளிகளோடு திட்டம் போடப் பிடிக்கும், கதை கேட்கப் பிடிக்கும் என்பவருக்குக் காடு. முதன்முதலாக ஆடுகிறவர் ரெண்டிலுமே நீளமான ஆட்டத்தில், அனுபவஸ்தர்களோடு இறங்காமல், புதியவர்களுக்கென்று நடக்கும் சின்ன ஆட்டத்தில் ஆரம்பிப்பது நல்லது. அமெரிக்காவில் பல இடங்களில் 10 வயதுக்கு மேல், சில இடங்களில் 12 வயதுக்கு மேல்தான் வழக்கமான பந்தில் ஆட விடுவார்கள். சிறுவர்களுக்கென்று சின்னப் பந்து, குறைந்த வேகம் வைத்த ஆட்டமும் தனியாக இருக்கிறது. பேரன் பேத்தியின் பிறந்த நாள் பார்ட்டிக்கு அதுதான் சரி.

காசு கட்டும் முன் நாலு கேள்வி

இடம் பிடிக்கிறவர் இதைக் கேட்டாலே போதும்.

ஒன்று: ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு மார்க்கரின் வேகத்தையும் கருவி வைத்து அளக்கிறீர்களா? எவ்வளவு வரம்பு?

ரெண்டு: ஆடாத நேரத்தில் மார்க்கர் குழாய்க்கு உறை போடச் சொல்கிறீர்களா? தவறிப்போய் விசை அழுந்தினாலும் பந்தை இந்த உறை பிடித்துக்கொள்ளும்.

மூன்று: மாஸ்க் கழற்றும் இடம் எங்கே? அங்கிருந்து ஆடும் இடம் எவ்வளவு தூரம்? வலை இருக்கிறதா?

நாலு: எத்தனை பேருக்கு எத்தனை நடுவர்? காட்டுக்குள் கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் இருப்பார்களா?

சரியான பதில் வந்தால் தாராளமாகப் போகட்டும். “அதெல்லாம் எதுக்கு சார், சும்மா விளையாட்டுதானே” என்று பதில் வந்தால், காசு கட்டாமல் திரும்பிவிட வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. யாரோ நண்பர் மார்க்கர் வாங்கி வைத்திருக்கிறார் என்று வீட்டுப் பின்பக்கத்தில், மாஸ்க் இல்லாமல் ‘சும்மா’ சுட்டுப் பார்ப்பது காட்டையும் அரீனாவையும்விட ஆபத்தானது. அங்கே விதியும் இல்லை, நடுவரும் இல்லை. காற்று நிரப்பிய சிலிண்டரைத் தெரியாமல் திருகிக் கழற்றப் பார்ப்பதும் அங்கேதான். உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு அது ராக்கெட் மாதிரிப் பறக்கும்.

சரி, மறுபடி போனுக்கு வருவோம். அடுத்த தடவை அவன் ‘பெயின்ட்பால் ஆடப் போறேம்மா’ என்றால், ‘வேண்டாம்டா’ என்று சொல்லாதீர்கள். வாரம் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவன் வியர்க்க ஓடப் போகிறான், நாலு பேரோடு சிரிக்கப் போகிறான். நல்லதுதானே?

“காடா, அரீனாவா?” என்று கேளுங்கள். அவனே ஆச்சரியப்பட்டுப் போவான். அரீனா என்றால், “ஓடறதுக்கு முன்னாடி வார்ம்-அப் பண்ணுடா, முட்டிக்குப் பட்டை கட்டிக்கோ” என்று சொல்லுங்கள். காடு என்றால், “தண்ணி நிறைய எடுத்துக்கோ, வந்ததும் உண்ணி இருக்கான்னு பாரு. கண்ணாடி மூடிக்கிட்டா கையைத் தூக்கி ஆளைக் கூப்பிடு. யாருமே இல்லேன்னு நினைச்சு மட்டும் கழட்டிடாதே கண்ணா” என்று சொல்லுங்கள்.

அன்றைக்கு ராத்திரி நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.